பிரேக் அக்காவுக்கு ஒரு கிண்ணம் சூப்

பிரேக் அக்கா நடக்க ஆரம்பித்த செய்தி, அவள் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் தெருவை மூன்று சுற்றுச் சுற்றி முடித்துவிட்டது.

பின்னே இருக்காதா? டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவள். முக்குக் கடையில் தீப்பெட்டி வாங்கக்கூடக் காரை எடுப்பவள். கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அவள் காலடியில் இன்னொரு பிரேக் என்று இரட்டை பிரேக் வைத்த வண்டி அது. ஓட்டுகிறவர் எதை மிதித்தாலும் கடைசியில் வண்டியை நிறுத்துவது அவள் கால்தான். அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் இருக்கிறது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் விடிந்ததும் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, முகம் சிவக்க, மூச்சு வாங்க மைதானத்தைச் சுற்றினால் ஊர் சும்மா இருக்குமா? "சர்க்கரை வந்திருக்கும்" என்றது மருந்துக்கடை. "இந்த வயசுல யாருக்காக இளைக்கறாளாம்?" என்றது தையல்கடை. அங்கே துணியைவிடப் பேச்சைத்தான் அதிகம் வெட்டுவார்கள்.

அவள் யாருக்காக இளைக்கிறாள் என்பதென்னவோ உண்மையில் சரியான கேள்விதான். புருஷனுக்காக. அதுவும் வெளியே இளைத்தால் போதாது. உள்ளே, ஈரலில் இளைக்க வேண்டும்.

அவள் புருஷன் ஒரு பெரிய அலுவலக கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். முப்பது வருஷம் நூறு பேருக்குச் சமைத்தவர், நூறு பேருக்கும் முன்னால் ருசி பார்த்தவர். சொட்டு சாராயம் நாக்கில் பட்டதில்லை. ஆனால் வயிறு பானை மாதிரி வீங்கி, கண் மஞ்சளாகி, கை கால் குச்சியானதும் தெரு ஒரே குரலில் தீர்ப்பு எழுதிவிட்டது: குடி. பனைமரத்துக்குக் கீழே நின்று பால் குடித்தாலே கள் என்பார்கள். ஈரல் சுருங்கிப் போனவன் பால் குடித்தேன் என்றால் யார் நம்புவார்? சர்க்கரை, உடம்பு பருமன், ஈரலில் வருஷக்கணக்காகப் படிந்த கொழுப்பு. இவையும் குடியைப் போலவே ஈரலைக் கல்லாக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை பிரேக் அக்கா நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். நாலு பேரும் தலையாட்டினார்கள். ஆட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

போதாக்குறைக்கு அவருடைய அக்கா வேறு. வாராவாரம் பஸ் ஏறி, துணிப்பையில் எதையோ பொதிந்து, முந்தானையால் மூடிக் கொண்டுவந்து தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போவார். பையின் அடியில் ஈரம் கசிந்திருக்கும். "பாட்டில்தான்" என்றது தெரு. "கூடப் பிறந்தவளே ஊத்திக் குடுத்தா, கட்டினவ என்ன பண்ணுவா பாவம்."

டாக்டரம்மா மெலிந்த உருவம், எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. முதல் முறை இருவரையும் உட்கார வைத்து, மேஜையில் இருந்த பிளாஸ்டிக் ஈரலைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சொன்னார்.

"வயித்துல சேர்ற தண்ணிக்கு மாத்திரை இருக்கு. ஆனா அளவு கூடினா கிட்னியைத் தொடும். ஊசி போட்டு தண்ணியை எடுக்கலாம். எடுத்தா லேசா இருக்கும், திரும்ப ஊறும். உணவுக்குழாய்ல நரம்பு புடைச்சிருக்கு, அதுக்கு ரப்பர் வளையம் போட்டாச்சு. உப்பைக் குறைக்கணும். இதெல்லாம் தாங்கிப் பிடிக்கறதுதாம்மா. கல்லானதைத் திரும்ப ஈரலாக்கறதுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல."

"குழாய் வைக்கறதுன்னு ஒண்ணு கேள்விப்பட்டேனே?" என்றாள் அவள். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தால் பாதி டாக்டராகிவிடலாம்.

"இருக்கு. ஈரலுக்குள்ள சின்னக் குழாய் வெச்சு ரத்தத்துக்கு வேற வழி போடறது."

"பைபாஸ் ரோடு மாதிரி?"

"அதேதான். தண்ணி ஊறறது குறையும். ஆனா பைபாஸ்ல செக்போஸ்ட் கிடையாதே. ஈரல் வடிகட்ட வேண்டிய நஞ்செல்லாம் நேரா மூளைக்குப் போகும். ஆள் குழம்பிப் போவாங்க. யாருக்கு வைக்கலாம், யாருக்குக் கூடாதுன்னு பாத்துத்தான் பண்ணணும்."

"அப்ப மாத்து ஈரல்?"

"இறந்தவங்க தானம் பண்ணினா வரும். வரிசை நீளம். இல்லன்னா உயிரோட இருக்கற சொந்தக்காரங்க ஒருத்தர் தன் ஈரல்ல ஒரு பங்கு தரலாம். ரெண்டு பேருக்கும் அது மறுபடி வளரும்."

"நான் தரேன்."

கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் அவளைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தார். "தரறவங்களுக்கு ஆபத்து உண்டா டாக்டர்?"

"ரொம்ப அபூர்வம். ஆனா இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துவந்தார். அது அப்போது அவளுக்குத் தெரியாது.

ரத்த வகை பொருந்தியது. இதயம், நுரையீரல், மனசு எல்லாவற்றையும் சோதித்தார்கள். தானம் தருபவரைத் தனியாகப் பார்க்கவென்றே வேறொரு டாக்டர் இருந்தார், அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கு விருப்பமில்லன்னா, எப்ப வேணாலும் சொல்லலாம். காரணம் வெளிய போகாது. 'பொருந்தல'ன்னு மட்டும் வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுவோம்." அவள் சிரித்துவிட்டு எழுந்து வந்தாள். ஸ்கேனில்தான் மாட்டியது. அவளுடைய ஈரலிலும் கொழுப்பு. கொழுப்பு ஏறிய ஈரலை அறுத்து வைத்தால் வாங்குகிறவருக்கும் ஆகாது, கொடுத்தவருக்கும் ஆகாது. குறைத்துக்கொண்டு வரட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

"எனக்குக் கொழுப்புன்னு உங்க அக்கா கல்யாணப் பந்தல்லயே சொன்னாங்க" என்றாள் திரும்பி வரும்போது. "அன்னைக்கே ஸ்கேன் எடுத்த மாதிரி சொன்னாங்க பாருங்க, அவங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்."

அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரிக்க முடிந்தது.

அன்றிலிருந்து நடை. எண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை, சாயங்கால பிஸ்கெட் இல்லை. சமையல் அவர் பொறுப்பு. கேன்டீன் வேலையை விட்டபின் வீட்டு அடுப்படிதான் அவருக்கு மிச்சமிருந்த ராஜ்யம். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கி, அவருக்குத் தனி, அவளுக்குத் தனி என்று செய்வார். அவருடையதில் உப்பு கிடையாது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு நூறு தடவை சொல்லிச் சொல்லி கேன்டீன் பசங்களைத் திட்டியிருக்கேன். இப்ப நான் குப்பையைத்தான் சாப்பிடறேன்" என்பார். அவளுக்கு மஞ்சள் பூசணி சூப். வேகவைத்து, மசித்து, மிளகு தூவி, பெரிய கிண்ணத்தில். அவள் குடிக்கும்போது எதிரே முகவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"வெறும் பூசணிக்காயா இது? தொண்டையில வழுக்கிட்டுப் போகுதே!"

"கைப்பக்குவம்."

"வெண்ணெய் கிண்ணெய் போட்டீங்களா?"

"வெண்ணெய் போட்டா ருசி வரும்னு எவன் வேணா சமைப்பான். போடாம வரவைக்கணும், அதுக்குப் பேர்தான் சமையல்."

அவள் கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். அடுத்த ஸ்கேனில் ஈரல் கொழுப்பு இருந்தபடியே இருந்தது. எடையும் இறங்கியதாக இல்லை. "உங்க உடம்பு வாகு அப்படி இருக்கலாம். இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க. ஆனா இவருக்கு நாள் அதிகம் இல்ல" என்றார் டாக்டரம்மா. வாசலில் நின்ற தன் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள் பிரேக் அக்கா. மறுநாள் மைதானத்தில் ஓடவே ஆரம்பித்தாள். தையல்கடைக்கு அது ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இப்படியே போயிருக்கும். பூக்கடைக்காரி கார் கற்றுக்கொள்ள வந்திராவிட்டால்.

பூக்கடைக்காரிக்கு வாய் ஐந்தாவது கியர், கால் முதல் கியர். அன்று மதியம் அவளை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பிரேக் அக்கா, தன் வீட்டு வாசல் வந்ததும், "நிறுத்து, இவர் சாப்பிட்டாரான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று இறங்கினாள்.

அடுப்படியில் அவர் நின்றிருந்தார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். காலிப் பாத்திரத்தைக் கரண்டியால் பொறுமையாகக் கிளறிக்கொண்டிருந்தார். அடுப்பு எரியவில்லை. நீட்டிய இடது கை காற்றில் இறக்கை மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டது.

"வாங்க சார்" என்றார் அவளிடம், மரியாதையாக.

அவள் கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள். டாக்டரம்மா சொல்லியிருந்தார்: நஞ்சு மூளைக்கு ஏறினால் ஆள் மாறிப் பேசுவார், உடனே கூட்டிட்டு வாங்க. அதைத் தடுக்கத்தான் இனிப்பான ஒரு சிரப். குடித்தால் வயிறு இளகும்; இளகினால் நஞ்சு வெளியேறும். பாட்டிலைப் பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் அவள்தான் தாங்கிக் கூட்டிப்போக வேண்டும், அவள் களைத்துப் போகிறாள் என்று மனுஷன் அதை நிறுத்தி வைத்திருந்தார்.

எப்படியோ கூட்டிவந்து பின் சீட்டில் ஏற்றினாள். அவள் முன்னால் போனால் அவர் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார். கையை விடவும் இல்லை.

"நீயே ஓட்டு" என்றாள் பூக்கடைக்காரியிடம்.

"அக்கா! பக்கத்துல நீங்க இல்லாமலா? பிரேக்?"

"உன் காலுக்கடியிலயும் ஒண்ணு இருக்கு. இத்தனை நாளா அதை அலங்காரத்துக்குன்னு நெனச்சியா? எடு வண்டிய!"

வண்டி இரண்டு முறை குதித்துவிட்டுக் கிளம்பியது. அவர் சீட்டில் சாய்ந்து, அவள் காதருகே குனிந்து, ரகசியக் குரலில் ஆரம்பித்தார்.

"மேனேஜர் சார். ஸ்டோர்ல வெண்ணெய் எங்க போகுதுன்னு கேட்டீங்கல்ல?"

பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் தூங்காமல் இருப்பார் என்று அவள், "ஆமா, எங்க போகுது?" என்றாள்.

"நான்தான் எடுக்கறேன். என் வீட்டுக்காரிக்கு."

"அவங்களுக்கு எதுக்கு?"

"சூப்புல போட. மசிச்ச பூசணிக்காய்ல வெண்ணெய் போட்டா தெரியவே தெரியாது சார். க்ரீமும் போடுவேன். அவளுக்குக் கியரு தெரியும், வெண்ணெய் தெரியாது." சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். "எங்க அக்கா கொண்டுவந்து குடுக்கறா. நான் சாப்பிடறதுக்குன்னு நெனச்சுட்டு இருக்கா, அசடு. உப்பில்லாத வெண்ணெய்னா டாக்டரே சாப்பிடச் சொன்னார்னு புளுகிட்டேன்."

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பூக்கடைக்காரியின் கண்கள் தெரிந்தன; அவை சாலையில் இல்லை.

"ரோட்டைப் பாரு!" என்றாள் பிரேக் அக்கா. பிறகு அவரிடம், குரலைத் தாழ்த்தி, "ஏன் அப்படிப் பண்றீங்க?"

"அவ இளைச்சுட்டா அவளை அறுத்துடுவாங்க சார்." சிரிப்பு நின்றுபோயிருந்தது. "டாக்டரம்மாகிட்ட ரகசியமா கேட்டேன். பொருந்தலன்னு ஒரு பொய் சொல்லிடுங்கன்னு. அந்தப் பொய் குடுக்கறவங்களுக்குத்தானாம், வாங்கறவங்களுக்குக் கிடையாதாம். என்ன ரூல்ஸ் பாருங்க. அதான் வெண்ணெய். எனக்கு வேற என்ன தெரியும்? சமைக்கத்தானே தெரியும்."

எதிரே ஒரு வேன் குறுக்கே வந்தது. பிரேக் அக்காவின் வலது கால் தானாகப் போய்த் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மிதியடி. வண்டி நின்றது. மிதித்தது பூக்கடைக்காரி. வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியான நேரத்தில்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்றார் அவர். "கோபம் வந்தா பிரேக் போடுவா. மூக்கு போய்க் கண்ணாடியில இடிக்கும்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். அவர் கை அவள் கைக்குள் படபடத்துக்கொண்டே இருந்தது. பிடித்து அழுத்தினால் நின்றது. விட்டால் மறுபடி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி வரும்வரை அழுத்திக்கொண்டே வந்தாள்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் துணிப்பை ரகசியம் தெரிந்துவிட்டது. பூக்கடைக்காரி ஒரு சரம் கட்டி முடிப்பதற்குள் நாலு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. பாட்டில் வெண்ணெயாக மாறியதில் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, தையல்கடையில் அன்று கொஞ்ச நேரம் யாரும் எதுவும் வெட்டவில்லை.

சிரப்பும் எனிமாவும் கொடுத்ததில் மறுநாள் மதியம் அவருக்குத் தெளிந்தது. ஜன்னலோரக் கட்டில். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏதாவது உளறினேனா?"

"மேனேஜர்கிட்ட பேசினீங்க."

"என்ன சொன்னேன்?"

"அதை மேனேஜர்கிட்டதான் கேக்கணும்." ஒரு சுளையை அவர் வாயில் வைத்தாள். "ஆனா அந்த மேனேஜருக்கு வெண்ணெய்ன்னா என்னன்னு இப்ப நல்லாத் தெரியும்."

அவர் சுளையை மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்தது. மஞ்சள் தோலில்கூடத் தெரிந்தது.

"நான் ஓடினேங்க" என்றாள். திட்டத்தான் ஆரம்பித்தாள், குரல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. "முட்டி வலிக்க, ஊர் சிரிக்க ஓடினேன். என் ஈரல் சரியில்ல, என்னால உங்களைக் காப்பாத்த முடியலைன்னு வண்டிக்குள்ள உக்காந்து அழுதேன். நீங்க கன்னத்துல கை வெச்சுட்டு எதிர்ல உக்காந்து பாத்துட்டு இருந்தீங்க."

"நீ குடிக்கறது அழகா இருந்தது."

"பேச்சை மாத்தாதீங்க!"

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, உன் துண்டு ஈரலை வெச்சுட்டு நான் மட்டும் உக்காந்து சூப்பு குடிக்கணுமா? சொல்லு. நீ என் இடத்துல இருந்தா வாங்கிப்பியா?"

அவள் அடுத்த சுளையின் நாரை உரித்தாள். வாங்கிக்கொள்ள மாட்டாள். அது இருவருக்கும் தெரியும்.

"நல்லாக் கேட்டுக்கோங்க" என்றாள் கடைசியில். "குடுக்கறது என் இஷ்டம். வாங்கிக்கறதும் வேணாம்கறதும் உங்க இஷ்டம். வேணாம்னா வேணாம்னு வாயால சொல்லுங்க, நான் மல்லுக்கட்ட மாட்டேன். ஆனா என் வயித்துக்குள்ள வெண்ணெயை வெச்சு எனக்குப் பதில் சொல்லாதீங்க. என் வண்டியில எனக்குத் தெரியாம யாரும் பிரேக் போட்டதில்ல."

டாக்டரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். இப்படி ஒரு முறை குழம்பிவிட்டதால் குழாய் வைக்கிற வழி இவருக்குக் கிட்டத்தட்ட அடைபட்ட மாதிரிதான் என்றார். மாத்திரையை இதற்குமேல் கூட்ட கிட்னி இடம் தராது. தண்ணீரை எடுத்து எடுத்து நாள் தள்ளலாம். இடைவெளி குறைந்துகொண்டே வரும். மாற்று அறுவைக்கு இன்னும் கதவு திறந்திருக்கிறது. வயிற்றுத் தண்ணீரில் கிருமி சேர்ந்தாலோ, இதயம் தளர்ந்தாலோ அதுவும் சாத்திக்கொள்ளும். செய்தாலும் ஆயுசுக்கும் மாத்திரை. உத்தரவாதம் யாரும் தர முடியாது.

"வேணாம்னு முடிவு பண்ணினா?" என்று அவர் கேட்டார்.

"பண்ணலாம் ஐயா. அப்பவும் நாங்க விட்டுட மாட்டோம். மூச்சு முட்டாம, வலி இல்லாம, தூக்கம் கெடாம பாத்துக்கறதும் வைத்தியம்தான். ஆனா யோசிச்சு முடிவு பண்ணுங்க. வெண்ணெயை முடிவு பண்ண விடாதீங்க."

யார் சொல்லியிருப்பார்கள் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூக்கடைக்காரி ஆஸ்பத்திரிக்கும் பூ சப்ளை செய்கிறாள்.

வீடு திரும்பினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சிரப்பை மட்டும் அவள் கண் முன்னால் குடித்தார். கூப்பிட வேண்டிய நேரத்தில் கூச்சப்படாமல் கூப்பிட்டார். அவள் மைதானத்துக்குப் போனாள், வந்தாள். அவர் ஜன்னல் வழியாக அவள் ஷூ மாட்டுவதைப் பார்ப்பார், கழற்றுவதைப் பார்ப்பார். அடுப்படிப் பக்கம் போகவில்லை. ரொட்டியும் வேகவைத்த காயுமாக அவளே ஒப்பேற்றினாள். அவருடைய அக்கா வந்தார். விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டார். "படுபாவி, உன் ஈரலுக்குன்னு பஸ்ல மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்தேனேடா!" பிறகு அவளைப் பார்த்து, வேறெங்கோ பார்த்து, "உனக்குக் கொழுப்புன்னு நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதை இப்படியா ரெண்டு பேரும் நிஜமாக்குவீங்க?" என்று மூக்கைச் சிந்தினார். மன்னிப்பு என்கிற வார்த்தை அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அதற்கு மிக அருகில் வந்தது அதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை. மைதானத்திலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே கரண்டிச் சத்தம். அவள் அடுப்படிக்குப் போகாமல் மேஜையில் உட்கார்ந்தாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்தார். ஒன்றை வைத்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொன்று. இத்தனை நாளில் முதல் முறையாக இரண்டிலும் ஒரே சூப்பு, ஒரே பாத்திரத்தில் செய்தது.

அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள்.

பூசணிக்காய் தண்ணீர். உப்பு இல்லை, வழுவழுப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. நாக்கு தேடித் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தது. முப்பது வருஷம் நூறு பேரை மயக்கிய கையிலிருந்து இப்படி ஒரு சூப்பு வந்தது என்றால், அதைச் செய்ய அந்தக் கைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கை இல்லை. இரண்டு கையும் மேஜைமேல், பரீட்சை எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி.

"எப்படி இருக்கு?"

"சகிக்கல" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்றார் அவர். "இன்னும் இருக்கு. போகல."

"எனக்கும்தான்."

"வாயால சொல்லணும்னியே. சொல்றேன். கதவு திறந்திருக்கற வரைக்கும் நானும் வரேன். நீ நட." கரண்டியை எடுத்துத் தன் கிண்ணத்தில் விட்டார், ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார். "கடவுளே. இதை எவன் செஞ்சான்?"

அவள் சிரித்த சிரிப்பு தையல்கடை வரைக்கும் கேட்டது. என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தவர்களுக்கு, ஷூவோடு உட்கார்ந்து காலிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்த பிரேக் அக்காதான் தெரிந்தாள்.

"இன்னொரு கரண்டி போடுங்க."